மகளின் பெயரில் ஓர் எழுத்து



சென்ற மாதம் ஒரு நாள். அஸர் தொழுதுவிட்டு முசல்லாவை மடித்துக் கொண்டிருந்தேன். படலையைத் திறந்து கொண்டு ஓர் உம்மாவும் மகளும் வந்தார்கள். உம்மாவின் கையில் ஒரு ஷொப்பிங் பேக். மகளின் இருபத்தெட்டு வருட வாழ்க்கை முழுவதும் அதற்குள்தான் இருந்தது. பிறப்புப் பத்திரம், பாடசாலை விடுகைப் பத்திரம், உயர்தரப் பெறுபேறு, சீனாவில் ஆறு வருடம் படித்து வாங்கிய வைத்தியப் பட்டம், அந்தப் பட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு தாள், எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பிகள்.

"ராத்தா, சோதினையும் பாஸாகிட்டா. இனி இந்தப் படிவம் ஒண்டுதான் மிச்சம். அரை மணித்தியாலத்தில நிரப்பித் தந்திருவீங்கதானே?" என்றார் உம்மா.

நான் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் பகுதியில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது கடைசியில் என் வீட்டு விறாந்தைக்குத்தான் வந்து சேரும். பாஸ்போட் படிவம், பென்சன் படிவம், வெளிநாட்டுக்குப் போகும் படிவம் என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். ஆனால் ஒரு வைத்தியர் தன்னைப் பதிந்து கொள்ளும் படிவம் மற்றவை போலில்லை. அரை மணித்தியாலம் என்று உட்கார்ந்தோம். 11 நாட்கள் எடுத்தன.

அந்த 11 நாட்களில் நான் கண்டதை உங்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கல்முனையில் தொடங்கி சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று போனால் வெளிநாட்டில் வைத்தியம் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் பெண் பிள்ளைகளும் நிறைய. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் 2005இல் தொடங்கியது நமக்கெல்லாம் பெரிய ஆறுதல்தான். ஆனாலும் நாடு முழுவதற்கும் உள்ள அரச இடங்கள் கொஞ்சம். கேட்கும் பிள்ளைகளோ ஆயிரக்கணக்கில். ஓரிரு புள்ளிகளில் இடம் தவறிய பிள்ளையை வைத்துக் கொண்டு உம்மாவும் வாப்பாவும் என்ன செய்வார்கள்? இந்த உம்மா, மகளுக்கென்று வைத்திருந்த வளவை விற்றவர். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் நம் ஊர்களில் அந்த வளவை விற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பட்டம் வாங்கிவிட்டால் டொக்டர் ஆகிவிட்டாள் என்று நாம் நினைக்கிறோம். விமான நிலையத்துக்கு வேன் பிடித்துப் போய் மாலை போட்டு அழைத்து வருகிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. இந்த நாட்டில் 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது, இடையில் பல திருத்தங்களோடு. அதன்படி இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் ஆங்கில வைத்தியம் செய்யலாம். அந்தச் சபை கொழும்பு 10, நொரிஸ் கெனால் வீதியில் இருக்கிறது. வெளிநாட்டில் படித்த பிள்ளை முதலில் சபை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகத்தில் படித்திருக்க வேண்டும். பிறகு ஈ.ஆர்.பி.எம். என்ற பரீட்சையில் தேற வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் 'அக்ட் 16' என்று சொல்வது இதைத்தான். பழைய பெயர் அது. தேறிய பிறகு தற்காலிகப் பதிவு. அதை வைத்துக் கொண்டு சுகாதார அமைச்சு அனுப்பும் ஆஸ்பத்திரியில் ஆறு மாதமும் ஆறு மாதமுமாக ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. அதுவும் முடிந்தால்தான் முழுப் பதிவு. ஒவ்வொரு படிக்கும் இடையில் காத்திருப்பு வேறு.

பட்டம் வேறு, பதிவு வேறு என்பதை நாடே பார்த்தது மாலபேயில் இருந்த சைட்டம் என்ற தனியார் நிறுவனத்தின் விஷயத்தில். அங்கு படித்து முடித்த பிள்ளைகளை மருத்துவச் சபை பதிய மறுத்தது. வழக்குப் போனது. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிய வேண்டும் என்று சொல்லியும் சபை உயர் நீதிமன்றம் போனது. 2018 செப்டெம்பரில்தான் அங்கும் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு வந்தது. யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. அந்தப் பிள்ளைகளின் உம்மாமாரை நினைத்துப் பாருங்கள். ஆகவே, வளவை விற்க முன்பு, நகையை அடகு வைக்க முன்பு, அந்தப் பல்கலைக்கழகத்தைச் சபை ஏற்றிருக்கிறதா, நம் பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு போதுமா என்ற இரண்டையும் சபையிடமே கேட்டு எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். பிள்ளைகளை அனுப்பிக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அவருக்கு விமானம் ஏறும் வரைதான் பொறுப்பு.

சரி, படிவத்துக்கு வருவோம்.

பாயில் தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்தேன். முதலாவது கட்டத்திலேயே பேனா நின்றுவிட்டது. முழுப் பெயர் என்று கேட்கிறது. எந்தப் பெயரை எழுத? இந்தப் பிள்ளையின் உண்மைப் பெயரை இங்கே போடுவது முறையல்ல. உதாரணத்துக்குப் பாத்திமா என்று வைத்துக் கொள்வோம். பிறப்புப் பத்திரத்தில் பெயர் தமிழில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலமாக்கும்போது 'டி'க்குப் பக்கத்தில் 'எச்' போடாமல் விட்டிருக்கிறார். உயர்தரப் பெறுபேற்றில் 'எச்' இருக்கிறது. பாஸ்போட்டில் 'எச்' இல்லை, ஆனால் முதல் 'ஏ' இரண்டாக இருக்கிறது. பட்டம் பாஸ்போட்டைப் பார்த்து எழுதியது, அதனால் அங்கும் இரண்டு 'ஏ'. ஒரே பிள்ளை, மூன்று பாத்திமா!

வாப்பாவின் பெயர் இதைவிடச் சோதனை. பிறப்புப் பத்திரத்தில் 'லெப்பை' உண்டு. பாடசாலையில் அதை முதலெழுத்தாகச் சுருக்கியிருக்கிறார்கள். பாஸ்போட்டில் முதலெழுத்தை விரித்து எழுதியபோது லெப்பை காணாமல் போய்விட்டது. முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று உங்கள் வீட்டுப் பத்திரங்களை எடுத்து ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான்கு விதம் இருக்கிறது. ஒரு வாப்பாவுக்குப் பிறந்த மூன்று சகோதரர்களின் அடையாள அட்டையில் மூன்று வாப்பாக்கள்!

இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. அரபுப் பெயர் தமிழ் எழுத்துக்குள் வரும்போதே ஒரு தடவை சுருங்குகிறது. நமக்கு 'ப'வும் 'ஃப'வும் ஓரெழுத்து. 'ஸ'வும் 'இஸட்' ஓசையும் ஓரெழுத்து. பிறகு அந்தத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது எழுதுகிறவரின் மனம் போல விரிகிறது. பதிவாளர் ஒரு விதம், பாடசாலை எழுதுவினைஞர் ஒரு விதம், பாஸ்போட் படிவத்தைத் தட்டச்சு செய்த கடைப் பையன் இன்னொரு விதம். பிள்ளையின் பெயரை வைக்க ஒரு வாரம் யோசிக்கிறோம். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை.

அதோடு வெளிநாட்டுப் படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் வரும். நமக்கேது குடும்பப் பெயர்? வாப்பாவின் பெயரை அதில் போடுகிறோம். அதனால் கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்யும் நம் பெண் வைத்தியர்களை அங்குள்ள கணினி 'டொக்டர் இஸ்மாயில்', 'டொக்டர் ஆதம்பாவா' என்றுதான் கூப்பிடுகிறது. என் தங்கையின் மகளுக்கு இப்படித்தான். "பெரியம்மா, இஸ்மாயில் எண்டு கூப்பிட்டா நான் எழும்பிப் போறன். வந்த நோயாளி ஆம்பிள டொக்டரத் தேடுறாங்க" என்று சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்கலாம். ஆனால் அன்று அந்த உம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு எழுத்துத்தானே ராத்தா, இதுக்கு என்ன?" என்றார். கண் கலங்கிவிட்டது.

ஓர் எழுத்தை ஏன் இவ்வளவு துருவிப் பார்க்கிறார்கள்? அதற்கு நான் அவருக்குச் சொன்ன இரண்டு கதைகளை உங்களுக்கும் சொல்கிறேன். இரண்டும் நடந்தவை.

முதலாவது பக்தாதில். ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931. அப்பாஸிய கலீபா அல்முக்ததிரின் காலம். ஒரு வைத்தியரின் பிழையால் ஒரு நோயாளி இறந்து போனார் என்ற செய்தி கலீபாவின் காதுக்கு வந்தது. உடனே ஒரு கட்டளை போட்டார். சினான் இப்னு ஸாபித் என்ற தலைமை வைத்தியர் பரீட்சித்து, எந்த வைத்தியம் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தவர் மட்டுமே இனி வைத்தியம் செய்யலாம். பெயர் பெற்றவர்களுக்கும் அரண்மனை வைத்தியர்களுக்கும் விலக்கு. அப்படியும் 860க்கும் மேற்பட்டவர்கள் பரீட்சைக்கு வந்தார்களாம், அந்த ஒரே நகரத்தில்!

அவர்களில் ஒரு முதியவர். நல்ல உடை, கண்ணியமான தோற்றம். சினான் அவரை மரியாதையாக உட்கார வைத்து, மற்றவர்கள் போன பிறகு, உங்கள் உஸ்தாது யார், உங்களிடமிருந்து நானும் ஏதாவது கற்றுக் கொள்கிறேன் என்று கேட்டார். முதியவர் மடியிலிருந்து தங்கக் காசுப் பொட்டலத்தை எடுத்து முன்னால் வைத்தார். எனக்கு எழுதப் படிக்கக்கூடச் சரியாக வராது, ஆனால் பெரிய குடும்பம் இருக்கிறது, இந்தத் தொழிலால்தான் அவர்கள் சாப்பிடுகிறார்கள், அதை வெட்டிவிடாதீர்கள் என்றார். சினான் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். தெரியாத நோயில் கை வைக்கக் கூடாது, இரத்தம் குத்தி எடுக்கவும் பேதிக்குக் கொடுக்கவும் கூடாது. முதியவர், வாழ்நாள் முழுவதும் நான் சர்பத்துக்கு மேலே போனதேயில்லை என்றார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் படித்தீர் என்றால், நேற்று வந்தாரே அவர்தான் என் வாப்பா, அவரிடம்தான் என்றார். நீரும் அந்தச் சர்பத்தைத் தாண்ட வேண்டாம் என்று அனுப்பி வைத்தார் சினான்.

இந்தக் கதையைச் சொன்னதும் உம்மா முதல் தடவையாகச் சிரித்தார். நம் ஊர்களிலும் இப்படிப்பட்ட சர்பத்துப் பரிசாரிமார் இருந்தார்கள்தானே. இப்போது அவர்களுக்கும் பதிவு உண்டு. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேதத்தோடு சித்தமும் யூனானியும் பரம்பரை வைத்தியமும் ஆயுர்வேத மருத்துவச் சபையில் பதியப்படுகின்றன. முறிவு நெரிவு, விஷக்கடி, கண் என்று தனித் துறைக்கு மட்டும் பதிந்தவர்களும் உண்டு. முறிவுக்குப் பதிந்தவரிடம் நீரிழிவுக்கு மருந்து வாங்கி, காலில் புண் வைத்துக் கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.

இரண்டாவது கதை நம் காலத்தில், இங்கிலாந்தில். ஸொலியா அலேமி என்று ஒரு பெண். நியூசிலாந்தில் ஒக்லாண்ட் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படிக்கத் தொடங்கி முடிக்காமல் விட்டவர். பட்டத்தையும், அது உண்மையான பட்டம்தான் என்று உறுதிப்படுத்தும் கடிதத்தையும் தானே பொய்யாகத் தயாரித்துக் கொண்டார். 1995இல் அந்நாட்டு மருத்துவச் சபை அவரைப் பதிந்துவிட்டது. அப்போது பொதுநலவாய நாடுகளில் படித்தவர்களுக்குச் சலுகையான ஒரு வழி இருந்தது. பட்டம் கொடுத்த இடத்தில் யாரும் ஒழுங்காகக் கேட்டுப் பார்க்கவில்லை. ஏறக்குறைய இருபது வருடங்கள் மனநோய் வைத்தியராக வேலை செய்தார். எத்தனை பேருக்கு மருந்து எழுதியிருப்பார்! 2018இல் வயோதிப நோயாளி ஒருவரின் மரண சாசனத்தைத் தன் பக்கம் பொய்யாக எழுதிய குற்றத்துக்குச் சிறை போனார். அதன் பிறகுதான் பட்டமே பொய் என்று வெளியே வந்தது. அதே வழியில் பதிந்த சுமார் 3,000 பேரின் பத்திரங்களைச் சபை திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. 2023இல் மன்செஸ்டர் நீதிமன்றம் அவருக்கு 7 வருடச் சிறைத் தண்டனை கொடுத்தது. அந்த வழக்கில் தெரிய வந்த ஒரு விஷயம், அவர் கொடுத்த தாளில் 'உறுதிப்படுத்து' என்ற ஆங்கிலச் சொல்லே எழுத்துப் பிழையோடு இருந்ததாம். ஓர் எழுத்து! அதை யாரும் பார்க்கவில்லை.

"அப்ப என்ட மகள்ட எழுத்தப் பாக்கட்டும்" என்றார் உம்மா. பிள்ளையும் தலையாட்டினாள். பிறகுதான் வேலை ஒழுங்காக நடந்தது.

என்ன செய்தோம் என்பதை விவரமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பட்டமும் பாஸ்போட்டும் ஒரே எழுத்தில் இருந்ததால் அதையே பிள்ளையின் பெயராக எடுத்துக் கொண்டோம். படிவம் முழுவதும், கையொப்பத்துக்குக் கீழேயும், அந்த எழுத்துத்தான். அடுத்து, பிறப்புப் பத்திரத்தின் புதிய பிரதி ஒன்றை பிரதேச செயலகத்தில் எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொண்டு போனோம். பாஸ்போட்டையும் கையில் கொடுத்து, பெயரை இதில் உள்ளபடி எழுதுங்கள் என்று கேட்டுக் கொண்டோம். பழைய மொழிபெயர்ப்பு யாரோ அவசரத்தில் எடுத்தது, பாஸ்போட்டைக் காட்டாமலே. மூன்றாவது, ஒரு சத்தியக் கடதாசி. இந்தப் பத்திரத்தில் இப்படி, அந்தப் பத்திரத்தில் அப்படி எழுதப்பட்டிருக்கும் பெயர்கள் எல்லாம் என்னையே குறிக்கின்றன என்று ஒவ்வொரு பத்திரத்தையும் இலக்கத்தோடு குறிப்பிட்டு, சமாதான நீதவானின் முன்னால் பிள்ளையே ஒப்பமிட்டாள். மொட்டையாக 'நான் இரு பெயராலும் அழைக்கப்படுகிறேன்' என்று எழுதினால் போதாது. படித்த பாடசாலை அதிபரிடம் ஒரு கடிதமும் எடுத்தோம்.

லெப்பையை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். சத்தியக் கடதாசியில் அவருக்கும் ஓர் இடம் கொடுத்தோம். பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரையே திருத்துவதென்றால் அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்குக் காலம் எடுக்கும். பட்டம் வாங்கிய பிறகு பிறப்புப் பத்திரத்தை மாற்றினால் புதிய குழப்பமும் வரலாம். திருத்துவதென்றால் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு பத்திரமும் முன்னதைப் பார்த்தே எழுதப்படும்.

இடையில் ஒரு சங்கடம். தெரிந்த தம்பி ஒருவர் வந்து, "ஏன் மாமி கஷ்டப்படுறீங்க? மொழிபெயர்ப்பில ஒரு எச்சச் சேத்திட்டா முடிஞ்சிது, நான் செஞ்சி தாறன்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் முத்திரை குத்திய தாளில் ஒரு புள்ளியைச் சேர்த்தாலும் அது பொய்ப் பத்திரம். பெயர் வித்தியாசத்துக்கு விளக்கம் சொல்லலாம், பொய்ப் பத்திரத்துக்கு விளக்கம் கிடையாது. அந்தத் தம்பிக்கு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

இப்போது என் தங்கையின் மகள் விஷயத்தைச் சொன்னேனே, அதையும் முடித்துவிடுகிறேன். முழுப் பதிவு எடுத்து, இங்கே சில வருடம் வேலை செய்து, கல்யாணம் முடித்து மாப்பிள்ளையோடு கட்டார் போனவள். அங்கே போய் மறுபடியும் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து நிரப்ப வேண்டியதாயிற்று. வளைகுடா நாடுகளில் நாம் கொடுக்கும் பத்திரத்தை அப்படியே நம்பமாட்டார்கள். டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கும் பதிவு கொடுத்த சபைக்கும் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கும் நேரே எழுதிக் கேட்கும். இங்கிலாந்து போகிறவர்களுக்கு அமெரிக்காவில் உள்ள ஒரு நிறுவனம் இதே வேலையைச் செய்கிறது. அலேமி போன்றவர்கள் நுழையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதோடு நம் மருத்துவச் சபையிடமிருந்து நன்னிலைச் சான்றிதழ் ஒன்றும் வேண்டும். இவர் மேல் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை என்பதற்கு. அது சில மாதங்களுக்கு மட்டுமே செல்லும். முந்தி எடுத்து வைத்தால் வீணாகிவிடும், பிந்தி எடுத்தால் மற்றவை காலாவதியாகிவிடும். நோன்பு காலத்தில் இறைச்சிக் கறியும் கஞ்சியும் ஒரே நேரத்தில் இறக்குவது போல ஒரு கணக்கு வேண்டும்.

அவளுக்கு வந்த பிரச்சினை பெயரில் இல்லை. அவள் பிள்ளை பெற்று ஒன்றரை வருடம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவள். படிவத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை எங்கே வேலை செய்தீர் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். நடுவில் ஓட்டை. தெரிந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யாராவது ஒரு தனியார் மருந்தகத்தில் இருந்ததாகக் கடிதம் வாங்கி ஒட்டைப் போடு என்றார் ஒருவர். இரண்டு பக்கத்துத் திகதியையும் கொஞ்சம் இழுத்து முட்ட வை என்றார் இன்னொருவர். அவள் எனக்கு அழைத்துக் கேட்டாள்: "பெரியம்மா, புள்ளயப் பாத்துக் கொண்டிருந்த எண்டு எழுதினா கேவலமா நினைப்பாங்களா?"

சகோதரிகளே, இந்தக் கேள்வி எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. ஆறு வருடம் படித்து, உயிர்களைக் காப்பாற்றிய ஒரு பெண், தான் ஓர் உயிரைப் பெற்று வளர்த்ததை எழுத வெட்கப்படுகிறாள். எழுது என்றேன். மாதத்தைப் போட்டு, மகப்பேறும் குழந்தைப் பராமரிப்பும் என்று தெளிவாக எழுது. எழுதினாள். நீண்ட இடைவெளி இருந்தால் மேலதிகப் பயிற்சி கேட்கும் நாடுகளும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது, மருந்தும் முறைகளும் மாறிக் கொண்டேயிருக்கின்றன. கேட்டால் செய்ய வேண்டியதுதான். ஆனால் இழுத்து முட்ட வைத்த திகதியை அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டுப் பிடித்துவிட்டால் அந்த நாட்டில் மட்டுமா கதவு மூடும்? அவளுக்கு அனுமதி வந்தது. தாமதமாக வந்தது, வந்தது.

பத்திரங்களைப் பற்றி இன்னும் ஒன்று. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் உயிர்களோடு அலுமாரிகளும் போயின. அந்த அலுமாரிகளுக்குள் எத்தனை பேரின் படிப்பு! உயிர் தப்பியதே பெரிது என்றிருந்த நேரத்தில் யாரும் பத்திரத்தை நினைக்கவில்லை. வருடங்கள் கழித்து ஒரு படிவம் வரும்போதுதான் அது தெரிகிறது. எங்கள் உறவில் ஒரு தாதி இப்படித் தவித்தார். பயப்பட ஒன்றுமில்லை. பிறப்புப் பதிவின் பிரதியைப் பதிவாளர் திணைக்களத்திலும், பரீட்சைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும் உறுதிப்படுத்தி எடுக்கலாம். ஆண்டும் சுட்டிலக்கமும் தெரிந்தால் வேலை இலகு. அந்தச் சுட்டிலக்கங்களை எங்காவது இரண்டு இடங்களில் எழுதி வையுங்கள், ஒன்று கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில்.

பதிவேட்டைப் பார்க்கும் உரிமை நமக்கும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவச் சபையின் இணையத்தளத்தில் ஒரு வைத்தியரின் பெயரையோ பதிவு இலக்கத்தையோ கொடுத்துத் தேடலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் பார்த்துச் சொல்வார்கள். புதிதாக ஒருவர் சந்தியில் பலகை போட்டு உட்கார்ந்தால், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மருமகளைக் கூட்டிக் கொண்டு போக முன்பு ஒரு தடவை பாருங்கள். இதைச் சந்தேகம் என்று நல்ல வைத்தியர் யாரும் நினைக்கமாட்டார். அந்த இலக்கத்துக்காக அவர் எத்தனை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்திருப்பார்!

நம் பிள்ளையும் அப்படித்தான் போனாள். 11ஆம் நாள் இரவு பஸ்ஸில் உம்மாவும் மகளும் மூலப் பத்திரங்களையெல்லாம் ஒரு பைலில் போட்டு, அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டு போனார்கள். மறுநாள் ளுஹருக்கு முன்பு அழைப்பு வந்தது. தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்களாம். சத்தியக் கடதாசியை இரண்டு தடவை வாசித்தார்களாம். எடுத்துக் கொண்டார்களாம். பதில் இன்னும் வரவில்லை. நீங்களும் துஆ செய்யுங்கள்.

நேற்று அந்த உம்மா மறுபடியும் வந்திருந்தார். மூத்த மகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, மாஷா அல்லாஹ். பெயரையும் தெரிவு செய்துவிட்டார்கள். பதிவாளரிடம் போக முன்பு அதை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டார். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வாப்பாவின் பெயரையும், அவருடைய பாஸ்போட்டில் உள்ளபடி, லெப்பையோடு. உம்மா கண்ணாடியைப் போட்டுக் கொண்டு ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "இதுல எச் வருமா, வராதா ராத்தா?" என்று கேட்டார்.